ரோபெஸ்பியர் ஒரே நாளில் வீழ்ந்தது எப்படி? தெர்மிடோர் 9 பற்றிய விவாத இழை

நாட்குறிப்பான்

பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர், ஆட்சியை நடத்திய பொதுப் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினரானது 1793 ஜூலை 27. கைதானது 1794 ஜூலை 27, புரட்சி நாட்காட்டியில் தெர்மிடோர் 9. சரியாக ஓராண்டு. கைதான அன்று காலை வரை பாரிஸ் நகர நிர்வாகமான கம்யூன் அவர் ஆட்களிடம் இருந்தது. தேசியக் காவற்படைத் தளபதி ஆன்ரியோ அவர் பக்கம். தீவிரப் புரட்சியாளர்களின் ஜேக்கோபின் சங்கம் முந்தின இரவுதான் அவரைக் கைதட்டிக் கொண்டாடியது. புரட்சித் தீர்ப்பாயத்தின் நீதிபதிகளிலும் ஜூரிகளிலும் பலர் அவருக்கு வேண்டியவர்கள். மறுநாள் மாலை கில்லட்டின்.

"ரத்தம் சிந்திச் சிந்தி மக்களுக்கு வெறுத்துவிட்டது" என்று பள்ளிப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். அந்தப் பதில் போதாது. கவிழ்த்தவர்களில் ஃபூஷே லியோனில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றவர். பியோ-வரேனும் கொல்லோ தெர்புவாவும் அதே குழுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள். இரக்கத்தால் அவர்கள் எழவில்லை. அப்படியானால் அடக்குமுறையில் எந்த இடம் முதலில் விரிசல் விட்டது? இந்தக் காலத்தைக் கூர்ந்து படித்தவர்கள் எழுத வேண்டும்.

செங்கதிர்

அவர் வகித்த பதவி என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். அவர் அதிபர் இல்லை, அமைச்சர் இல்லை, படைத்தளபதி இல்லை. பன்னிரண்டு பேர் குழுவில் ஒருவர். ஏரோ டி செஷேலைக் கில்லட்டினுக்கு அனுப்பிய பிறகு பதினொருவரில் ஒருவர். அந்தக் குழுவின் ஆயுளும் ஒரு மாதம்தான். மாதாமாதம் நாட்டின் சட்டமன்றமான கன்வென்ஷன் சபை நீட்டித்துக் கொடுக்க வேண்டும். சபையின் பெயரில்தான் எல்லா ஆணையும் வெளியாகும்.

அப்படியென்றால் பெரும்பான்மை யாரிடம் இருக்கிறதோ ஆட்சி அவர்களுடையது. அந்தப் பெரும்பான்மை ரோபெஸ்பியரின் தீவிர 'மலை' அணியிடம் இருக்கவில்லை, நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த 'சமவெளி' உறுப்பினர்களிடம் இருந்தது. அவர்கள் ஓராண்டாகக் கை தூக்கியதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று பயம். மற்றது போர்: எல்லையில் ஆஸ்திரியப் படை நிற்கும்போது குழுவைக் கலைக்க யாருக்கும் துணிவில்லை. 1794 ஜூன் 26-இல் ஃப்ளூரஸில் பிரெஞ்சுத் தளபதி ஜூர்தானின் படை வென்றதும் இரண்டாவது காரணம் கரைந்தது. மிஞ்சியது பயம். வெறும் பயத்தில் நிற்கும் பெரும்பான்மை, பயம் கொஞ்சம் தளர்ந்தால் எதிர்ப்பக்கம் சாயும். அளவு மீறிக் கூடினாலும் சாயும். இங்கே கூடியது.

நிலவழகி

செங்கதிர் சொன்ன "அளவு மீறியது" நடந்த நாளைக் காட்ட முடியும். ப்ரேரியல் 22, அதாவது 1794 ஜூன் 10. ரோபெஸ்பியரின் குழுத் தோழர் கூத்தோன் கொண்டுவந்த சட்டம். அதன்படி குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. ஆவணமோ பொருளோ சான்றாக இருந்தால் சாட்சி விசாரணை தேவையில்லை. தீர்ப்பு இரண்டில் ஒன்று: விடுதலை அல்லது மரணம். 'மக்களின் எதிரி' என்பதற்குப் பொய்ச்செய்தி பரப்புவது, மனச்சோர்வு உண்டாக்குவது, ஒழுக்கத்தைக் கெடுப்பது என்று எவரையும் அடக்கும் அளவுக்கு வரையறை.

பாரிஸ் தீர்ப்பாயம் 1793 ஏப்ரல் முதல் இந்தச் சட்டம் வரும்வரை, பதினான்கு மாதங்களில், 1,251 பேருக்கு மரணம் விதித்தது. சட்டம் வந்ததிலிருந்து தெர்மிடோர் 9 வரை, ஏழு வாரத்துக்கும் குறைவான காலத்தில், 1,376 பேர்.

ஆனால் சபை உறுப்பினர்களை உலுக்கியது இந்த எண்ணிக்கை அல்ல. சட்டத்தின் கடைசிப் பகுதியில், இதற்கு முரணான பழைய ஆணைகள் செல்லாது என்றிருந்தது. ஒரு உறுப்பினரைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பச் சபையின் ஒப்புதல் வேண்டும் என்பதும் பழைய ஆணைதானே! அது போய்விட்டதா என்று எல்லோரும் சட்டத்தைப் புரட்டினார்கள். மறுநாள் ரோபெஸ்பியரும் கூத்தோனும் இல்லாத நேரத்தில், சபை உறுப்பினர்கள் பூர்தோனும் மெர்லினும் முன்னின்று 'அந்த உரிமை சபைக்கே உரியது' என்று ஒரு வாசகத்தை நிறைவேற்றினார்கள். அதற்கடுத்த நாள் ரோபெஸ்பியர் வந்து அதை நீக்க வைத்தார்.

அந்த வாசகத்தை அப்படியே விட்டிருந்தால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. நீக்கியதன் மூலம், அதுவரை தன்னைச் சம்பந்தப்படாதவனாக நினைத்திருந்த ஒவ்வொரு உறுப்பினரும் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்படி செய்தார். என் கணிப்பில் வீழ்ச்சி தொடங்கியது ஜூன் 12-இல்.

பழைய ஏடு

நிலவழகி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தச் சட்ட வரைவைப் பொதுக் காவல் குழுவிடம் முன்கூட்டிக் காட்டவே இல்லை. போலீஸ் விவகாரம் முழுக்க அந்தக் குழுவின் கையில் இருந்தது. வாதியே, அமார் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அங்கே ரோபெஸ்பியருக்கு உறுதியாக நின்றவர்கள் லெபாவும் ஓவியர் டேவிட்டும்தான். ஏற்கெனவே 1794 ஏப்ரலில் பொதுப் பாதுகாப்புக் குழு தனக்கென்று ஒரு போலீஸ் பிரிவு தொடங்கியிருந்தது. முதலில் ரோபெஸ்பியரின் நெருங்கிய தோழர் சேன்-ஜுஸ்த், அவர் போர்முனைக்குப் போனதும் ரோபெஸ்பியர், அதைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகம். ஒன்று பிடிப்பதை மற்றது விடும், ஒன்று விடுவதை மற்றது பிடிக்கும். அடக்குமுறை அரசுகளில் உளவுத்துறைப் பூசல் எப்போதும் ஆபத்தானது. கோப்பு எவனிடம் இருக்கிறதோ அவன் பேசாமல் காத்திருந்து திருப்பி அடிப்பான்.

வாதியே அடித்தார். ஜூன் 8-இல், ரோபெஸ்பியர் முன்வைத்த புதிய கடவுள் வழிபாட்டுக்கான உன்னதப் பரம்பொருள் விழாவுக்கு அவரே சபைத் தலைவராக முன்னால் நடந்தார். ஒரு வாரத்தில், ஜூன் 15 அன்று, கேத்தரின் தெயோ என்ற முதிய பெண்ணின் பக்திக் கூட்டத்தைச் 'சதி' என்று வாதியே சபையில் அறிக்கை படித்தார். ரோபெஸ்பியர் பெயர் அதில் இல்லை. ஆனால் யாரைக் குத்துகிறது என்பது சபையில் எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்து அவர் செய்தது எனக்கு இன்னும் பெரிய பிழையாகத் தெரிகிறது. ஜூன் இறுதியிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரம் குழுக் கூட்டங்களுக்கு அநேகமாகப் போகவே இல்லை. ஜேக்கோபின் சங்கத்தில் பேசினார். குழுவின் மேசைக்கு வரவில்லை. கைது ஆணைகளும் தீர்ப்பாயத்துக்கான பட்டியல்களும் அவர் இல்லாமலே போயின. ஆனால் ஊர் அவற்றை அவர் கணக்கில் எழுதியது. அதிகாரம் கையைவிட்டு நழுவியது, பழி மட்டும் முழுசாக அவர் பெயரில் ஏறியது.

வினா_விடை

நண்பர்களே, இதெல்லாம் சபைக்குள் நடந்தது. 1793 ஜூன் 2-இல் இதே ஆன்ரியோ இதே பீரங்கிகளோடு சபையைச் சுற்றி வளைத்து, எதிரணியான ஜிரோந்து அணியைக் கைது செய்ய வைத்தாரே? ஓராண்டு கழித்து அதையே ஏன் திரும்பச் செய்ய முடியவில்லை? தெரு எங்கே போனது?

கூலிக்கணக்கு

இந்த இழையில் இதுவரை வராத இடத்தை வினா_விடை தொட்டுவிட்டார். 1793-இல் தெரு தானாக வரவில்லை. பாரிஸின் நகரப் பிரிவுகளான 48 வட்டங்களும் ஓயாமல் கூட்டம் நடத்தின. வட்டங்களின் பிரதிநிதிகள் சேர்ந்து ஒரு மத்தியக் குழு அமைத்தார்கள். ஆயுதம் ஏந்தி நிற்கும் ஏழைகளுக்கு நாளொன்றுக்கு 40 சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) கொடுப்பதாக முடிவாயிற்று. ஆள், அமைப்பு, படி மூன்றும் இருந்தன.

இனி அந்த அமைப்பை யார் கழற்றினார்கள் என்று பாருங்கள். 1793 செப்டம்பரில் வட்டக் கூட்டங்களை வாரத்துக்கு இரண்டு என்று சுருக்கினார்கள். 1794 மார்ச் 24-இல் தெருமக்களின் தீவிரத் தலைவர் எபேரும் கூட்டாளிகளும் கில்லட்டினில். மூன்று நாளில் பாரிஸின் புரட்சிப் படை கலைக்கப்பட்டது. தானியம் பதுக்குபவர்களைத் தேடிப்போன அடித்தட்டு மக்களின் படை அது. கம்யூனில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நீக்கி, மேலிருந்து பயானையும் ஃப்ளூரியோ-லெஸ்கோவையும் உட்கார வைத்தார்கள். மே மாதத்துக்குள் வட்டங்களில் இருந்த மக்கள் சங்கங்களும் மூடப்பட்டன. மிஞ்சியவர்கள் சொன்னதைக் கேட்கும் ஆட்கள். சொல்லாமலே பத்துப் பேரைத் திரட்டிவரும் தெருத் தலைவர்களைக் குழு முன்பே வெட்டிவிட்டது. விதைநெல்லை வேகவைத்துத் தின்றுவிட்டு விளைச்சலுக்குக் காத்திருந்த கதை.

அடுத்தது கூலி. 1793 செப்டம்பர் 29-இன் உச்சவரம்புச் சட்டம் பொருள்களின் விலைக்கு 1790 விலையோடு மூன்றில் ஒரு பங்கும், கூலிக்கு 1790 கூலியோடு பாதியும் கூட்டி வரம்பு போட்டது. எபேர் ஆட்களின் கம்யூன் பாரிஸில் விலைப் பகுதியை அமல்படுத்தியது, கூலிப் பகுதியைக் கண்டுகொள்ளவில்லை. போருக்கு ஆள் போனதால் தொழிலாளர் தட்டுப்பாடு, கூலி வரம்பைத் தாண்டி ஏறியிருந்தது. பயானின் கம்யூன் புதிய கூலிப் பட்டியலை வெளியிட்டது தெர்மிடோர் 5-இல், ஜூலை 23. பல தொழில்களில் அது வாங்கிக்கொண்டிருந்த கூலியைப் பாதிவரை வெட்டியது. நான்கே நாளில் அதே கம்யூன் அதே தொழிலாளிகளை ஆயுதத்தோடு வரச் சொல்லி மணி அடித்தது!

அன்று மாலை கம்யூன் விட்ட அறிக்கையில், தொழிலாளர் கூலியை வரையறுத்துப் பட்டினி போட்டவர் பொதுப் பாதுகாப்புக் குழுவின் பரேர் என்று எழுதினார்கள். பட்டியலை ஒட்டியது தங்கள் கை என்பது சுவரில் இருந்தது.

செங்கதிர்

கூலிக்கணக்கின் பதிவு அருமை. ஆனால் கூலியை முழுக் காரணமாக்க மாட்டேன். கூலிப் பட்டியல் இல்லாவிட்டாலும் சபை அவரைக் கைது செய்திருக்கும். தெரு அவரைக் கவிழ்க்கவில்லை, காப்பாற்ற வரவில்லை, இரண்டும் வேறு. காப்பாற்ற வராததற்குத்தான் கூலி விளக்கம்.

சபைக்குள் இறுதி அடி அவரே கொடுத்தது. தெர்மிடோர் 8-இல் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். இரண்டு குழுக்களிலும் சதிகாரர்கள் இருக்கிறார்கள், களையெடுக்க வேண்டும் என்றார். நிதிப் பொறுப்பில் இருந்த காம்போன் போன்ற ஓரிருவர் பெயரைத் தவிர ஆளைச் சொல்லவில்லை. ஷார்லியே என்ற உறுப்பினர் எழுந்து, குற்றம் சாட்டுகிறவர் பெயரைச் சொல்லட்டும் என்றார். சொல்ல மறுத்தார். உரையை அச்சிட்டு நாட்டின் எல்லா ஊர்களுக்கும் அனுப்ப முதலில் வாக்களித்த சபை, அதே அமர்வில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அந்தத் திரும்பப்பெறுதலைக் கவனியுங்கள். ஓராண்டில் முதல்முறையாக அவர் பேசி முடித்த பிறகு வாக்கு அவருக்கு எதிராகப் போகிறது, உத்தரம் இடிந்து விழவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

ஐந்து பெயரைச் சொல்லியிருந்தால் அந்த ஐவரைத் தின்னக் கொடுத்து மற்றவர்கள் தப்பியிருப்பார்கள். எபேருக்கும், அவரை அடுத்துக் கில்லட்டினுக்குப் போன டாண்டனுக்கும் நடந்தது அதுதான். பெயரில்லாத பட்டியல் எல்லோரையும் ஒரே படகில் ஏற்றியது.

நாட்குறிப்பான்

ஃபூஷே பெரிய சூழ்ச்சிக்காரராக இதை நடத்தினார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்களே?

பழைய ஏடு

ஃபூஷே ஜூலை 14-இல் ஜேக்கோபின் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். தலை போகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். தாலியான், பராஸ், ஃப்ரெரோன் மூவரும் அதே நிலையில். மாகாணங்களில் சபையின் சிறப்புப் பிரதிநிதிகளாக இருந்து கொன்றதற்கும் கொள்ளையடித்ததற்கும் கணக்குக் கேட்கப்படும் என்று பயந்தவர்கள். அவர்கள் தூண்டினார்கள், சந்தேகமில்லை. ஆனால் நாலைந்து பேர் பயந்தால் ஆட்சி கவிழாது. சமவெளி ஒப்புக்கொண்டதால்தான் கவிழ்ந்தது. மேலும் ஜூலை 22, 23 தேதிகளில் இரண்டு குழுக்களும் கூடிச் சமரசம் பேசின. சேன்-ஜுஸ்த் இணங்கிவந்தார், பரேர் இணங்கினார். வழி இருந்தது. தெர்மிடோர் 8 உரை அதை மூடியது.

நிலவழகி

தெர்மிடோர் 9 இரவைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. ஆட்சி உண்மையில் கைமாறியது அந்தச் சில மணி நேரத்தில்தான்.

நண்பகலில் சேன்-ஜுஸ்த் பேசத் தொடங்கியதும் தாலியான் குறுக்கிட்டார். தலைமை இருக்கையில் கொல்லோ, பிறகு துரியோ. ரோபெஸ்பியர் வாய் திறக்கும்போதெல்லாம் மணியடித்து அடக்கினார்கள். லூஷே என்ற உறுப்பினர் கைது ஆணையை முன்மொழிந்தார். ரோபெஸ்பியர், தம்பி ஒகுஸ்தென், கூத்தோன், சேன்-ஜுஸ்த், லெபா ஐவரும் கைது. கூடவே சபை செய்த ஒரு வேலை பலர் கண்ணில் படுவதில்லை: காவற்படைத் தளபதி என்ற பதவியையே ஒழித்து, படைப்பிரிவுத் தலைவர்கள் முறைவைத்துக் கட்டளையிடுவார்கள் என்று ஆணையிட்டார்கள். ஆகவே ஆன்ரியோவின் கட்டளை ஒரு வட்டத்துக்கு வந்தபோது, அதை ஏற்பது சட்டமா குற்றமா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

வட்டங்களில் இருந்த கண்காணிப்புக் குழுக்கள் சம்பளத்துக்கும் உத்தரவுக்கும் பார்த்தது பொதுக் காவல் குழுவை, கம்யூனை அல்ல. மையப்படுத்த வேண்டும் என்று ரோபெஸ்பியரின் அரசே கட்டிய ஏற்பாடு அது. மாலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்கீது வந்தபோது பெரும்பாலான குழுக்கள் பழகிய மேலதிகாரியின் பக்கம் போயின. பல வட்டங்கள் நள்ளிரவு வரை முடிவெடுக்காமல் இழுத்தன.

அப்படியும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களும் முப்பதை ஒட்டிய பீரங்கிகளும் நகர மண்டபத்தின் முன் கிரேவ் சதுக்கத்தில் சேர்ந்தார்கள். அந்த நேரத்தில் சபையிடம் அவ்வளவு படை இல்லை. இரவு எட்டு மணியைத் தாண்டி கம்யூன் பக்கம் நின்ற கொஃபினால் பீரங்கிக்காரர்களோடு துய்லரி அரண்மனைக்குள்ளேயே புகுந்து, பிடிபட்டிருந்த ஆன்ரியோவை மீட்டார். சபை அமர்ந்திருந்த மண்டபம் சில அடிகளில். உள்ளே போக உத்தரவு இல்லை. ஆன்ரியோவோடு திரும்பிவிட்டார்கள்.

ரோபெஸ்பியரை லுக்சம்பூர் சிறையில் ஏற்க மறுத்தார்கள், கம்யூன் அப்படிச் சொல்லியிருந்தது. அவர் நேராக நகர மண்டபத்துக்குப் போகவில்லை. நகரப் போலீஸ் நிர்வாகத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். இரவு பத்துமணிக்கு மேல்தான் நகர மண்டபம் வந்தார். ஏன் தாமதம்? 1793 ஏப்ரலில் புரட்சிப் பத்திரிகையாளர் மாராவைச் சபை தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது, தீர்ப்பாயம் விடுவித்தது, கூட்டம் தோளில் தூக்கி வந்தது. அதே வழியை எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

சபை அந்த வழியை அடைத்தது. காவலிலிருந்து தப்பியதால் ஐவரும் கம்யூன் தலைவர்களும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று ஆணை பிறந்தது. அப்படி அறிவிக்கப்பட்டவருக்கு விசாரணை இல்லை. ஆள் இன்னார் என்று அடையாளம் உறுதிசெய்தால் போதும். எதிரிகளுக்காக 1793 மார்ச்சில் அவர்களே ஏற்ற சட்டம்.

ஆணையை உறுப்பினர்கள் தீப்பந்த வெளிச்சத்தில் தெருத்தெருவாகப் படித்தார்கள். சதுக்கத்தில் நின்ற பீரங்கிக்காரனின் நிலையை யோசியுங்கள். மாலையிலிருந்து நிற்கிறான். சாப்பாடு இல்லை, கட்டளை இல்லை. தன் வட்டத்திலிருந்து ஆள் வந்து, இங்கே நின்றால் உனக்கும் அதே கதி, திரும்பி வா என்கிறான். ஒவ்வொரு குழுவாகப் போனார்கள். சபை அனுப்பிய பராஸின் படை அதிகாலை இரண்டு மணி வாக்கில் நுழைந்தபோது சதுக்கம் ஏறக்குறைய காலி.

வினா_விடை

மேலே, மண்டபத்துக்குள்?

நிலவழகி

ஒரு தாள் இன்னும் இருக்கிறது. ரோபெஸ்பியர் குடியிருந்த பீக் வட்டத்தை ஆயுதத்தோடு வரச்சொல்லும் வேண்டுகோள். கீழே கம்யூன் ஆட்களின் கையெழுத்துகள், கடைசியில் அவருடைய பெயரின் முதல் இரண்டு எழுத்து மட்டும். கையெழுத்திடும்போதே சுடப்பட்டாரா, தயங்கி நிறுத்தினாரா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் பிரிந்துதான் நிற்கிறார்கள். தாடை குண்டால் உடைந்தது. தானே சுட்டுக்கொண்டாரா, காவலர் சுட்டாரா என்பதும் அப்படியே. லெபா தற்கொலை செய்தார், தம்பி சன்னல் வழியே குதித்தார். ஜூலை 28 மாலை 22 பேர் தலை விழுந்தது. மறுநாள் கம்யூன் உறுப்பினர்கள் எழுபது பேருக்குக் குறையாமல்.

குன்றின்குரல்

ஒப்பிட ஒருவரைச் சொல்கிறேன்: எத்தியோப்பியாவின் மெங்கிஸ்து ஹைலே மரியம். ரோபெஸ்பியரிடம் இல்லாத எல்லாம் இவரிடம் இருந்தது: தலைமைப் பதவி, படை, கட்சி. 1977-78 சிவப்புப் பயங்கரத்தில் நகரங்களின் இடதுசாரி எதிர்ப்பை ஒழித்தார். அதன்பின்னும் பதின்மூன்று ஆண்டு ஆண்டார். சபைக் கைது இவருக்கு நடக்க வழியே இல்லை.

விழுந்தது வேறு வழியில். 1988 பிப்ரவரியில், எரித்திரியப் போரில் நக்ஃபா முனையின் தளபதியாக இருந்த தரிக்கு அய்னேயைச் சுட்டுக்கொல்ல வைத்தார். அடுத்த மாதம் அஃபாபெத்தில் எரித்திரியப் போராளிகள் அந்த முனையைச் சிதைத்தார்கள். 1989 மே மாதம் அவர் கிழக்கு ஜெர்மனி போயிருந்தபோது தளபதிகள் கலகம் செய்தார்கள்; கலகம் தோற்றது, அனுபவமுள்ள தளபதிகளை மறுஆண்டு கொன்றார். சோவியத் ஆயுதமும் வற்றியது. 1991 மே 21-இல் ஜிம்பாப்வேக்குத் தப்பினார், ஒரு வாரத்தில் கிளர்ச்சிப் படைகள் தலைநகர் அடிஸ் அபாபாவில். களத்தில் உண்மையைச் சொல்லும் தளபதியைக் கொன்றால் அடுத்தவன் தலைநகருக்கு நல்ல செய்தி மட்டும் அனுப்புவான். தோல்வி கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

செங்கதிர்

நல்ல ஒப்பீடு, ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போடத் தயங்குகிறேன். மெங்கிஸ்துவைப் போர் தோற்று வீழ்த்தியது. ரோபெஸ்பியரைப் போர் வென்று வீழ்த்தியது. பொதுவாக இருப்பது ஒன்றுதான்: தங்களுக்காகச் சண்டை போடத் தெரிந்தவர்களைத் தாங்களே கொன்றார்கள். அதைத் தாண்டிப் பொதுவிதி தேடினால் தேதிகளை வளைக்க வேண்டிவரும்.

நாட்குறிப்பான்

கடைசியாக ஒன்று. கவிழ்த்த பியோவும் கொல்லோவும் வாதியேயும் பயங்கர ஆட்சியைத் தொடரத்தான் விரும்பினார்கள் என்றால், அது ஏன் நின்றது?

பழைய ஏடு

கட்டுப்பாடு அவர்களிடம் தங்கவில்லை. ஜூலை 29-இலேயே சபை ஒரு விதி செய்தது: ஒவ்வொரு மாதமும் குழுக்களில் நான்கில் ஒரு பங்கினர் விலக வேண்டும், விலகியவர் ஒரு மாதம் கழியாமல் திரும்ப வரக்கூடாது. ஓராண்டாக மாறாமல் இருந்த குழு அதோடு முடிந்தது. ஆகஸ்ட் 1-இல் ப்ரேரியல் சட்டம் ரத்து. ஆகஸ்ட் 24-இல் அதிகாரம் பதினாறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. நவம்பரில் ஜேக்கோபின் சங்கம் மூடப்பட்டது. டிசம்பரில் உச்சவரம்புச் சட்டம் போனது; அதன்பின் வந்த குளிர்காலத்தில் ரொட்டி விலை ஏறி, 1795 வசந்தத்தில் பாரிஸ் ஏழைகள் சபையை முற்றுகையிட்டார்கள்.

பயங்கரத்துக்கெல்லாம் ரோபெஸ்பியர் ஒருவரே பொறுப்பு என்ற பேச்சைக் கட்டியவர்கள் தாலியான் போன்றவர்கள். அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் பழியை அதோடு நிறுத்த முடியவில்லை. நாந்த் நகரில் ஆட்களை ஆற்றில் மூழ்கடித்த காரியே டிசம்பரில் கில்லட்டினுக்குப் போனார். தீர்ப்பாய வழக்கறிஞர் ஃபூக்கியே-தென்வில் 1795 மே 7-இல் போனார். பியோவும் கொல்லோவும் அந்த ஆண்டு தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சுக் கயானாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கொல்லோ அடுத்த ஆண்டு அங்கே கயேன் நகரில் இறந்தார்.